முதலில் யாருக்குப் பரிசோதனை?

வீட்டில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அக்காவோ தங்கையோ மகளோ கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நானும் அந்த ஜீன் டெஸ்ட் எடுத்துக்கணுமா?" என்னிடம் இப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நீங்கள் பொறுங்கள், நோய் வந்தவர் முதலில் எடுக்கட்டும். பரம்பரைப் புற்றுநோய்க்கான மரபணுப் பரிசோதனையில் பணமும் தூக்கமும் வீணாவது பெரும்பாலும் இந்த வரிசை மாறிப்போவதால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் தருவது ஒருவர் என்றாலும், பதில் வருவது குடும்பத்துக்கு.

காரணம் எளிமையானது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1990இல் காட்டினார். 1994இல் பிஆர்சிஏ1 என்ற அந்த மரபணு பிரித்தறியப்பட்டது, அடுத்த ஆண்டே பிஆர்சிஏ2. இரண்டுமே உடைந்த டிஎன்ஏ இழையைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவை. அவற்றில் கோளாறு உண்டாக்கும் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. தடித்த புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் அச்சுப்பிழை என்று தெரிந்துவிட்டால், மற்ற பிரதிகளில் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் போதும். நோய் வந்தவரிடம் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால், உறவினருக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்க்கலாம். செலவும் குறையும், பதிலும் உண்டு அல்லது இல்லை என்று பளிச்சென்று வரும்.

அப்படிச் செய்யாமல் நோயில்லாத பெண் நேரே போய்ப் பரிசோதித்து, 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் அதற்கு என்ன பொருள்? குடும்பத்தில் மாற்றம் இருந்தும் அவருக்கு மட்டும் வராமல் இருக்கலாம். அந்த லேப் பார்க்காத வேறு மரபணுவில் கோளாறு இருக்கலாம். அல்லது அந்த வீட்டில் வந்தது பரம்பரை நோயே இல்லாமல் இருக்கலாம். மொத்தப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருபவை. மூன்றில் எது என்று அந்தத் தாள் சொல்லாது. ஆனால் கையில் வாங்கியவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டு மேமோகிராமையும் நிறுத்திவிடுவார். என் கவலை அதுதான்.

"எச்சிலை அனுப்பினால் வீட்டுக்கே ரிசல்ட் வருகிறதே" என்பார்கள். அமெரிக்காவில் 23அண்ட்மீ நிறுவனத்தின் அத்தகைய பரிசோதனைக்கு 2018இல் அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அப்போது அது பார்த்தது மூன்றே மூன்று மாற்றங்களை; அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை அவை. அவற்றில் ஒன்றான 185டெல்ஏஜி தென்னிந்தியக் குடும்பங்களிலும் தென்பட்டிருக்கிறது என்பது சுவாரசியமான விஷயம். அதற்காக மூன்றையும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று வந்த ரிசல்ட்டை ஒரு தமிழ்ப் பெண் நம்பி உட்கார முடியாது.

ஏற்கெனவே கீமோவில் வாடுகிறவரை இதற்கும் இழுக்க வேண்டுமா என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் இதில் அவருக்கே நேரடிப் பலன் இருக்கிறது. பிஆர்சிஏ மாற்றமுள்ள சினைப்பைப் புற்றுநோய்க்கு ஓலாபாரிப் என்ற மருந்து 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறகு மார்பகப் புற்றுநோய்க்கும் வந்தது. அடுத்த மார்பகத்தையும் சினைப்பையையும் என்ன செய்வது என்ற முடிவும் இதைப் பொறுத்தது. சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு, குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லாவிட்டாலும் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறார்கள்.

நோய் வந்தவர் உயிரோடு இல்லை என்றால், இருப்பவர்களில் யாரை முதலில் பரிசோதிப்பது என்பதை மரபணு ஆலோசகர் குடும்ப வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மூன்று தலைமுறை வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே கோடு. இதை நிரப்புவதுதான் கடினம். நம் வீடுகளில் பழைய தலைமுறையின் நோய்க்குப் பெயரே கிடையாது. "பாட்டிக்கு வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு", "பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வயிற்றில் நீர் கோத்ததற்கு ஈரலும் காரணமாக இருக்கலாம், சினைப்பைப் புற்றுநோயும் காரணமாக இருக்கலாம். என்ன வயதில், எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டு எழுதுங்கள். அப்பா வழியை விட்டுவிடாதீர்கள். பெண்களின் நோய் என்பதால் அம்மா வழியை மட்டும் விசாரிப்பது பரவலான தவறு. அப்பாவிடம் மாற்றம் இருந்தால் மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அத்தைகள் இல்லாத வீட்டில் அது சத்தமில்லாமல் ஒரு தலைமுறையைத் தாண்டிவிடும்.

ரிப்போர்ட்டில் மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரித்திருப்பார்கள். ஒரு முனையில் நோய் உண்டாக்குவது, மறுமுனையில் தீங்கற்றது. நடுவில் 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று ஒன்று இருக்கும். வியூஎஸ் என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்வது இதைத்தான். குறைவாக ஆராயப்பட்ட மக்களிடம் இது அதிகம் வருகிறது, நம்மவர்களும் அதில் அடக்கம். பெரும்பாலானவை பிற்பாடு தீங்கற்றவை என்றே மறுவகைப்படுத்தப்படுகின்றன. ஆகவே இதை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்குப் போகக்கூடாது, உறவினரைப் பரிசோதனைக்கு வரிசையாக அனுப்பவும் கூடாது. ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை லேபிடம் வகை மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

மிச்சமிருப்பது பெரிய ஆட்சேபம்: தெரிந்து என்ன ஆகப் போகிறது, பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுபோவதைத் தவிர? கிட்டத்தட்ட 10,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வின்படி, பிஆர்சிஏ1 மாற்றம் உள்ளவர்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 72 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய்க்கு 44 சதவீதம். தெரிந்தவருக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ பார்க்கலாம். குழந்தைப்பேறு முடிந்தபின் 35, 40 வயதில் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிட்டால் அந்தப் புற்றுநோயின் ஆபத்து பெருமளவு குறைகிறது. ஏஞ்சலினா ஜோலி 2013இல் மார்பகங்களை அகற்றிக்கொண்டதை எழுதிய பிறகு, பாசிட்டிவ் என்றாலே அதுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். அது பல வழிகளில் ஒன்று. கல்யாணப் பேச்சின் பயத்தை நான் மறுக்கவில்லை. 18 வயதுக்கு முன் பரிசோதிக்க வேண்டாம் என்கிறார்கள், எடுப்பதும் யாரிடம் சொல்வதும் அந்தப் பெண்ணின் முடிவாகத்தான் இருக்க வேண்டும். மாற்றம் அண்ணன் தம்பிக்கும் சமமாக வரும் என்பதை மட்டும் பேசுகிறவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பணம் மறுப்பது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் போல இங்கே தனிச்சட்டம் இல்லை. பாலிசியை முதலில் எடுத்துவிடுங்கள், படிவத்தில் குடும்ப நோய் வரலாறு கேட்டால் உண்மையை எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது இப்போது சிகிச்சையில் இருந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இவருக்கு மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பயாப்சி ரிப்போர்ட்டின் நகலை வாங்கி எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.