நின்ற வேனும் ஓடிய வேனும்

கே: டவர் இல்லாமல், ஓடிக்கொண்டே இருக்கும் கருவிகள் தங்களுக்குள்ளேயே வலை பின்னிக்கொள்ளும் ஏற்பாடு ஒரு பீர் கடையில் பிறந்ததாமே?

ப: கடை உண்டு, பீரும் உண்டு. கலிஃபோர்னியாவின் போர்டோலா வேலியில் ரோசாட்டிஸ் என்ற கடை. 1976 ஆகஸ்ட் 27 அன்று எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிறுவனத்தினர் தங்கள் வேனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். வேனிலிருந்து ஒயர் இழுத்து, வெளியே மேஜைமேல் இருந்த டெர்மினலில் மாட்டி, ரேடியோ வழியாக, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டுக்குச் செய்தி அனுப்பினார்கள். இரண்டு வலைகள் கைகோத்த அருமையான நாள். ஆனால் வேன் நின்றுகொண்டிருந்தது ஐயா! நகரும் கருவிகளுக்கு அதை எப்படிப் பிறந்தநாள் என்பது?

ஓடிய நாள் 1977 நவம்பர் 22. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் பேஷோர் நெடுஞ்சாலையில் வேன் ஓட ஓட, அதிலிருந்து கிளம்பிய தகவல் பாக்கெட்டுகள் ரேடியோவில் ஏறி, ஆர்பாநெட்டுக்கு மாறி, செயற்கைக்கோள் வழியே அட்லான்டிக்கைத் தாண்டி லண்டன் போய், திரும்பி வந்து, தெற்குக் கலிஃபோர்னியாவில் இருந்த கணினியைச் சேர்ந்தன. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டது வேண்டுமென்றேதான். மூன்று வலைகளும் ஒன்றாக வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டுமே! கொண்டாட வேண்டிய நாள் இதுதான்.

கே: ஓடுகிற கருவிக்கு வழி கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமா?

ப: வழி கிடைத்துவிடும். பக்கத்தில் இருந்தவர் போய்விட்டார் என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதனால் வேன் பேசிய, அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பாவின் ரேடியோ வலையில், ஒவ்வொரு பெட்டியும் 7.5 விநாடிக்கு ஒரு தடவை ‘நான் இருக்கிறேன்’ என்று குரல் கொடுத்தது. 2003-ல் வந்த, இப்படிப்பட்ட வலைகளில் வழி தேடும் ஏ.ஓ.டி.வி. விதிமுறையில் ‘ஹலோ’ விநாடிக்கு ஒன்று. இரண்டு விநாடிக்கு மேல் சத்தமே இல்லையென்றால் அவர் பெயரை அடித்துவிட்டு, அந்த வழியை நம்பியிருந்தவர்களுக்குத் தகவல் போகும். அடிக்கடி கூவினால் பேட்டரி தீரும். எப்போதாவது கூவினால், ஆள் போனது தெரியாமல் அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

நின்ற வேனை நான் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விதிமுறைகளைக் கணினிக்குள் சோதிக்கப் பல ஆண்டுகள் பயன்பட்டது ‘ரேண்டம் வேபாயின்ட்’ என்ற மாதிரி. அதில் கருவிக்குப் பதில் நிற்கும் ஒவ்வொரு புள்ளியும் ஓர் இடத்தையும் ஒரு வேகத்தையும் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொண்டு நடக்கும். போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த இடம், அடுத்த வேகம். குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யம் என்று வைத்தால் என்ன ஆகும்? ஆமை வேகம் வாய்த்த புள்ளி போய்ச் சேர்வதே இல்லை. நேரம் ஆக ஆக எல்லாமே ஒவ்வொன்றாக ஆமையில் மாட்டிக்கொள்ளும். சராசரி வேகம் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். இதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் யூன், லியு, நோபிள் மூவரும் 2003-ல் போட்டு உடைத்தார்கள். அதுவரை எத்தனை பேர் ஓட்டத்தைச் சோதிப்பதாக நினைத்து நிற்பதைச் சோதித்தார்களோ! ஓடுவதற்குச் செய்ததை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்; இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

கே: நிஜமாக ஓடவிட்டுப் பார்த்தவர்கள் யார்?

ப: பிரின்ஸ்டன்காரர்கள்! 2004-ல் கென்யாவில் வரிக்குதிரைகளுக்கு ஜி.பி.எஸ். பட்டை கட்டினார்கள். இரண்டு குதிரைகள் அருகே வந்தால் பட்டைகள் தங்கள் குறிப்புகளை மாற்றிக்கொள்ளும். ஆகவே ஒரு குதிரையின் பக்கத்தில் ஜீப் போனால் போதும்; அது சந்தித்த மற்றவற்றின் நடமாட்டமும் கைக்கு வரும். இணைப்பு எப்போதும் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தையே விட்டுவிட்ட ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கே: அது இருக்கட்டும், வரிக்குதிரைக்கு வரி எதற்கு?

ப: ஈ கடிக்காமல் இருக்க என்பதுதான் வலுவான விளக்கம். 2019-ல் டிம் காரோ குழுவினர் சாதாரணக் குதிரைகளுக்கு வரிபோட்ட துணியைப் போர்த்திப் பார்த்தார்கள். குதிரை ஈக்கள் பக்கத்தில் வந்தன; துணிமேல் உட்கார்ந்தவை மிகக் குறைவு. போர்த்தாத தலையில் மட்டும் வழக்கம்போல உட்கார்ந்தன.