இருப்பு ஒன்றே, செலவு வேறு

கிளையில் நாள் முடிவில் கையிருப்பை எண்ணித் தொகை சரியாக இருந்தால் பெட்டகத்தைப் பூட்டிவிடுகிறோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவையும் நான் நெடுநாள் அவ்வாறே பார்த்துவந்தேன். கடந்த ஆண்டுப் பரிசோதனையில் அது 90 மில்லிகிராம். நிம்மதியாக அறிக்கையை மடித்தபோது, கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதைச் சுட்டிக்காட்டிய மருத்துவர், இன்சுலின் அளவையும் பார்க்கச் சொன்னார். அது 18 மைக்ரோயூனிட்.

இவ்விரு எண்களையும் இணைத்துப் படிக்க ஒரு கணித மாதிரி உண்டு. 'ஹோமா' எனப்படும் அதனை 1985இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் மேத்யூஸ், ராபர்ட் டர்னர் முதலியோர் வெளியிட்டனர்.

நாம் உறங்கும்போது இரத்தத்திற்குச் சர்க்கரை வழங்கும் முதன்மைக் கருவூலம் கல்லீரலே. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் வழங்குகிறது. இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருப்பதோ 5 கிராம் அளவே. கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலை அடைந்து, 'வழங்கலைக் குறை' என ஆணையிடுகிறது. சர்க்கரை ஏறினால் இன்சுலின் கூடும். இன்சுலின் கூடினால் வழங்கல் குறையும். இரண்டும் சமன்படும் புள்ளியே காலையில் நாம் காணும் அளவு. கல்லீரல் ஆணைக்குச் செவிசாய்க்காவிடில், மிகுதியான இன்சுலினைச் செலவிட்டே அச்சமநிலையை எட்ட முடியும்.

சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405ஆல் வகுத்தால் எதிர்ப்பின் அளவு கிடைக்கும். சர்க்கரை 81, இன்சுலின் 5 என்பது மாதிரியின் அடிப்படை. அவற்றின் பெருக்கமே 405. ஆகவே அவருக்கு விடை 1. எனக்கு 4. அதே 90 சர்க்கரையும் 6 இன்சுலினும் உள்ள ஒருவருக்கு 1.3 மட்டுமே. ஒரே இருப்புக்கு என் கணையம் மூன்று மடங்கு செலவிட்டுக்கொண்டிருந்தது.

சுரப்புத் திறனுக்கு வேறொரு சூத்திரம்: இன்சுலினை 360ஆல் பெருக்கி, சர்க்கரையிலிருந்து 63ஐக் கழித்த மீதியால் வகுக்க வேண்டும். எனக்கு 240 விழுக்காடு. இதனை இலாபம் என மயங்கலாகாது; இது ஓயாத மிகைநேரப் பணி. பீட்டா செல்கள் தளர்ந்து இன்சுலின் 9ஆகச் சரிந்து, சர்க்கரை 126ஐ, அதாவது நீரிழிவின் எல்லையை, எட்டியதாகக் கொள்வோம். சுரப்பு 51 விழுக்காடாகிவிடும். எதிர்ப்போ 4இலிருந்து 2.8ஆகக் 'குறைந்து' தோன்றும்! ஒரு பக்கத்தை மட்டும் படிப்பவர் ஏமாறும் இடம் இதுவே.

இன்சுலின் ஊசி போடுவோருக்கு இக்கணக்கு பொருந்தாது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இன்சுலின் அளவும் சிறிது மாறும். தசைகளின் எதிர்ப்பும் இதில் தெளிவாகத் தெரியாது; அதற்கு, நரம்பின் வழியே குளுக்கோஸ் செலுத்தி அடுத்தடுத்து இரத்தம் எடுக்கும் முறையைக் கொண்ட ரிச்சர்ட் பெர்க்மனின் 1979ஆம் ஆண்டு மாதிரி உதவுகிறது.

மருத்துவர் சொன்னபடி இரவுணவைக் குறைத்து, நாள்தோறும் நடந்து, நான்கு மாதங்களுக்குப் பின் அதே ஆய்வகத்திற்குச் சென்றேன். சர்க்கரை மீண்டும் 90. இன்சுலின் 12.