புற்றும் நண்டும்

மாணவர்களே! மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்திலோ உடும்பன்சோலை ஏலத்தோட்டத்திலோ வாழும் பாட்டிக்கு மருத்துவமனையில் தரப்படும் மலையாளத் தாளை வீட்டில் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் நீங்கள்தாம். அத்தாளில் ‘அர்புதம்’ என்றிருந்தால் எவ்வாறு பொருள் சொல்வீர்கள்? தமிழில் ‘அற்புதம்’ என்பது வியப்பு. மலையாளத்தில் வியப்பு ‘அத்புதம்’ ஆகும். ‘அர்புதம்’ என்பதோ வடமொழியில் கட்டியைக் குறிக்கும் சொல். சுசுருதரின் மருத்துவ நூலிலேயே வந்துள்ளது. தமிழில் அதற்கு நேரான சொல் புற்றுநோய்.

புற்று என்பது கறையான் எழுப்பும் மண்மேடு. வெளியே சிறு மேடாகத் தோன்றினும், உள்ளே பல கிளைகளாக வழி பிரிந்து செல்லும். மேற்புறத்தை வெட்டி எறிந்தாலும், உள்ளே கறையான் எஞ்சியிருந்தால் மீண்டும் வளரும். கட்டுப்பாடின்றிப் பெருகும் உயிரணுக்கள் அருகிலுள்ள தசைக்குள்ளும் ஊடுருவிப் பரவும் நோய்க்கு இதனினும் பொருத்தமான பெயர் அரிது. புற்றுப் போன்ற நோய் என விரிவதால் இஃது உவமைத்தொகை. உவமையைக் கொண்டு, உடலுக்குள் பூச்சி புகுந்துவிட்டது என்று அஞ்சுதல் கூடாது. இது தொட்டால் ஒட்டும் நோயும் அன்று. பாட்டியின் அருகில் அமர்ந்து உண்ணலாம்.

கிரேக்கர் கண்டது வேறோர் உவமை. கட்டியைச் சுற்றிப் புடைத்த இரத்தக்குழாய்கள் நண்டின் கால்களைப் போல் இருப்பதாகக் கேலன் என்னும் மருத்துவர் எழுதினார். நண்டுக்குக் கிரேக்கத்தில் ‘கார்க்கினோஸ்’ என்று பெயர், இலத்தீனில் ‘கான்சர்’. வடமொழியில் ‘கர்க்கடகம்’. உங்கள் இந்திப் பாடத்தில் வரும் ‘கர்க் ரோக்’ என்பதும் நண்டு நோயே. கேரளத்தில் மழை கொட்டும் கர்க்கடக மாதமும், நம் பஞ்சாங்கத்துக் கடக ராசியும் அந்த நண்டின் பெயர் கொண்டவையே. அம்மாதத்தை நாம் ஆடி என்கிறோம்.

சென்னை அடையாற்றில் 1954ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. திருவனந்தபுரத்தில் 1981ஆம் ஆண்டு மண்டலப் புற்றுநோய் மையம் அமைந்தது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பலவகைப் புற்றுகளைக் குணப்படுத்த இயலும். ஆதலால் தாளில் உள்ள சொல்லை மறைக்காமல், பாட்டிக்கு விளங்கும் தமிழில், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு எடுத்துரையுங்கள்.

பயிற்சி

1. அற்புதம், அர்புதம் – பொருள் வேறுபாடு எழுதுக.
2. ‘புற்றுநோய்’ – விரித்து எழுதி, தொகையின் பெயர் கூறுக.
3. உங்கள் வீட்டில் வழங்கும் நோய்ப்பெயர்கள் ஐந்தினைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுக.