கருந்துளையின் மணியோசை

குளத்தில் கல்லை எறிந்தால் நீரலைகள் பரவுவதைக் காண்கிறோம். அதுபோல அண்டவெளியிலும் ஈர்ப்பலைகள் பரவும் என்று 1916-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் கூறினார். இவ்வலைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற நம் நாட்டு விஞ்ஞானி சி. வி. விஸ்வேஸ்வரா ஆவார்.

1938-இல் பெங்களூரில் பிறந்த இவர், அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். ஒளியைக்கூட வெளியே விடாத கருந்துளையை நாம் அறிவது எப்படி? அதன்மீது ஈர்ப்பலை பட்டால் என்ன நிகழும் என்று அவர் கணக்கிட்டார். தட்டிய மணி ஒலித்து ஓய்வதுபோல, கருந்துளையும் அதிர்ந்து அடங்கும் என்று கண்டார். அவ்வதிர்வைக் கொண்டே அதன் நிறையை அறியலாம். அவரது கட்டுரை 1970-இல் வெளியாயிற்று.

2015 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவிலுள்ள லைகோ கருவிகள் ஓர் ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு கருந்துளைகள் மோதி ஒன்றானதால் எழுந்த அலை அது. அப்பதிவின் முடிவில், அவர் கணித்தபடியே அதிர்வு அடங்கிற்று!

இதற்கிடையே அவர் கற்பிக்கும் பணியையும் மேற்கொண்டார். 1989-இல் தொடங்கப்பட்ட பெங்களூர் நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநராக இருந்து, சிறுவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் அறிவியல் ஆர்வத்தை ஊட்டினார். 2017 ஜனவரியில் மறைந்தார்.

நம் கணக்குப் புத்தகத்தில் விடைகள் கடைசிப் பக்கத்தில் உள்ளன. அவருக்கோ விடை கிடைக்க 45 ஆண்டுகள் ஆயின. ஆயினும் கணக்கைச் சரியாகச் செய்து வைத்திருந்தார். மராட்டிய மாநிலம் இங்கோலியில் இத்தகைய கருவியை அமைக்க 2023-இல் நம் அரசு ஒப்புதல் அளித்தது. தோழியரே, அங்கே பணியாற்ற நம் வகுப்பறைகளிலிருந்தும் பெண்கள் செல்ல வேண்டாமா?