வயலின் நீர்மட்டத்தை அறிவிக்கும் கீச்சலைக் கருவி



நெல்வயலில் எந்நாளும் நீர் தேங்கி நிற்றல் வேண்டும் என்பதில்லை. பயிர் நன்கு வேரூன்றிய பின்னர், துளையிட்ட குழாயொன்றை வயலிற் புதைத்து, அதனுள் நீர்மட்டம் நிலமட்டத்திற்கு 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கியதும் நீர் பாய்ச்சலாம். இதனால் விளைவு குறையாது நீர் மிச்சமாகும். ஆயினும் பூப்பதற்கு ஒரு வாரம் முன்னிருந்து ஒரு வாரம் பின்வரை வயல் காய்தல் ஆகாது. 5 சென்ரிமீற்றர் நீர் நிற்றல் வேண்டும்.

தூரத்து வயலின் குழாயை அடிக்கடி பார்ப்பது இலகுவன்று. நீர்மட்டத்தை அளந்து வானலை வழியாக அறிவிக்கும் உணரி இதற்கு உதவும்.

செய்தி செல்லும் விதம்

வயலின் மறுகோடியில் நிற்பவரை இரவில் அழைப்போர் விரைந்து பேசுவதில்லை. குரலைத் தாழ்விலிருந்து உயர்த்தி நீட்டிக் கூவுவர். காற்றின் இரைச்சலிலும் அது கேட்கும். லோறா என்னும் முறையும் இத்தகையதே. குருவியின் கீச்சொலி போல, வானலையின் மீடிறன் குறித்த எல்லையின் அடியிலிருந்து உச்சிவரை சீராக ஏறும். ஏற்றம் தொடங்கும் இடத்தை மாற்றுவதனாலேயே வெவ்வேறு எண்கள் குறிக்கப்படுகின்றன. உச்சியை அடைந்ததும் அடிக்குத் திரும்பி எஞ்சிய ஏற்றத்தை முடிக்கும். வாங்கும் கருவி ஏற்றம் முழுவதையும் ஒருசேர ஆராய்வதால், மெலிந்த சைகையையும் பிரித்தறியும்.

இதில் 7 முதல் 12 வரை படிகள் பொதுவாகப் பயன்படுகின்றன. படி ஒன்று கூடக் கீச்சின் நீளம் இரட்டிக்கும். எல்லையின் அகலம் 125 கிலோஹேட்ஸ் ஆயின், 7ஆம் படியில் ஒரு கீச்சு ஏறத்தாழ 1 மில்லிசெக்கனும், 12ஆம் படியில் 33 மில்லிசெக்கனும் நீடிக்கும். 12ஆம் படியில், இரைச்சலின் வலுவில் நூறிலொரு பங்கே உள்ள சைகையும் விளங்கும். ஆனால் செய்தி பன்மடங்கு நேரம் எடுப்பதால் பற்றறி விரைவிற் தீரும்.

கவனிக்க வேண்டியவை

1. அன்ரனா, வளர்ந்த பயிரின் உச்சிக்கு மேலே நிற்கும்படி கம்பம் நடுக. நட்டவுடன் நன்கு எட்டிய சைகை, பயிர் உயர்ந்து மறைத்ததும் குன்றக்கூடும்.

2. அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் ஒரே படியில் வைக்க. 7ஆம் படியிற் தொடங்கி, எட்டாவிடின் மாத்திரம் ஒவ்வொன்றாகக் கூட்டுக.

3. மணிக்கொரு செய்தி போதும். இடைநேரத்திற் கருவி உறங்கினால் பற்றறி நெடுநாள் உழைக்கும்.

4. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்த மீடிறனையே பயன்படுத்துக.

5. செய்தி வராவிடின் வயலில் நீர் உண்டென்று எண்ணற்க. கருவி பழுதுற்றும் இருக்கலாம். அன்றே சென்று குழாயைப் பார்க்க. பூக்கும் காலத்தில் நீரின்றிப் பதராகும் கதிரைப் பின்னர் பாய்ச்சும் நீர் மீட்காது.