விதைநெல்லையும் வெங்காயத்தையும் காக்கும் இரும்பு இறாக்கை

கமக்காரர்களே,

மாசி, பங்குனி மாதங்களிற் பெரும்போக நெல்லை வெட்டிச் சூடடித்து, அதில் நல்லதைத் தெரிந்து விதைக்கென ஒதுக்கி வைக்கின்றீர்கள். சிறுபோகத்துக்கு நீர் போதாத வயல்களையுடையோர், அவ்விதையை ஐப்பசி மாதம் வரை, ஏறக்குறைய ஏழெட்டு மாதங்கள், களஞ்சியத்தில் வைத்திருக்க வேண்டியவராகின்றனர். வயலில் பட்ட பாடு முழுவதும் அம்மூட்டைகளுள் அடங்கியிருக்கின்றது. மூட்டை வெறுந்தரையிற் கிடந்து ஈரம் உறிஞ்சுமாயின், விதைப்புக்காலம் வந்தபின்னரே அந்நட்டம் தெரியவரும். அப்பொழுது வேறு விதை தேடி அலைவதன்றி வழியில்லை.

மூட்டையைத் தரையினின்று உயர்த்தி வைக்க ஓர் இறாக்கை வேண்டும் என்பதை யாவரும் அறிவர். ஆனால் பாலாவியிலும், இங்கிருந்து பிரியும் கற்பிட்டி வீதியின் இரு மருங்கிலுமுள்ள தோட்டங்களிலும், மரத்தாற் செய்ததைக் கறையான் அரிக்கின்றது. இரும்பாற் செய்ததைத் துரு தின்கின்றது. புத்தளக் களப்பின் ஓரத்து உப்பளங்களில் உப்பை விளைவிக்கும் அதே வெயிலும் சோளகக் காற்றுமே, உப்பு நுண்துகளைக் கொணர்ந்து நம் இரும்புச் சாமான்களிற் படிய வைக்கின்றன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே மழையே படாத அறையினுள்ளும் இரும்பு துருப்பிடிக்கின்றது.

இத்துண்டுப் பிரசுரம், இவ்விடத்துக்கு ஏற்ற இறாக்கையொன்றை மின்னொட்டு முறையால், அதாவது பட்டறைகளில் ‘வெல்டிங்’ எனப்படும் முறையால், அமைக்கும் விதத்தைக் கூறுகின்றது. வேலையைத் தொழிலறிந்த ஒட்டுநரிடம் ஒப்படைப்பதே நன்று. எனினும் எதைச் செய்விக்க வேண்டும், எதைப் பார்த்து ஏற்க வேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருத்தல் அவசியம்.

ஒரு தவறும் அதன் பாடமும்

நாம் முதன்முதல் ஒரு தோட்டத்திற் செய்வித்த இறாக்கை, ‘பொக்ஸ் பார்’ எனப்படும் சதுரக் குழாயினால் ஆயது. பார்வைக்கு அழகாயிருந்தது, விலையும் குறைவு. மூட்டுகளில் ஆங்காங்கே புள்ளியாக மட்டும் ஒட்டி, மேலே நிறம் பூசியிருந்தார்கள். மூன்றாம் வருடம் கார்த்திகை மழையில், பின்புறக் கால் ஒன்று அடியில் மடிந்தது. மூட்டைகள் ஈரத்தரையில் விழுந்தன. இரண்டு நாட்களின் பின்னரே வீட்டார் கண்டனர். காலை வெட்டிப் பார்த்தபோது, வெளியில் நிறம் குலையாதிருக்க, உள்ளே குழாய் கடதாசி போல் மெலிந்திருந்தது. புள்ளி ஒட்டுகளுக்கு இடையிலிருந்த இடுக்கு வழியாக உப்பு ஈரம் உட்சென்று, வெளியேற வழியின்றித் தங்கிவிட்டது.

இதனால் நாம் அறிந்தவை இரண்டு. கண்ணுக்குத் தெரியாத உட்புறமுள்ள இரும்பை உப்புக் காற்றுள்ள இடத்திற் பயன்படுத்தலாகாது. இரும்பு இறாக்கை முதலிற் கெடுவது அதன் மூட்டிலேயாதலால், மூட்டில் இடுக்கு விடலாகாது. பின்வரும் முறை இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டது.

அளவும் சுமையும்

இறாக்கையின் நீளம் 180 செ.மீ. (6 அடி), அகலம் 60 செ.மீ. (2 அடி), உயரம் 165 செ.மீ. (5½ அடி). தரையினின்று 30, 90, 150 செ.மீ. உயரங்களில் மூன்று தட்டுகள் அமையும்.

கீழ்த்தட்டில் 50 கிலோகிராம் மூட்டைகள் நான்கை, பக்கத்துக்கு இரண்டாக ஒன்றின்மேல் ஒன்று கிடத்தலாம். இது ஏறக்குறைய பத்துப் புசல். ஏக்கருக்கு இரண்டு புசல் வீதம் ஐந்து ஏக்கருக்குரிய விதை. நடுத்தட்டில் வெங்காயத்தை 20 செ.மீ. உயரத்துக்கு மேற்படாமற் பரப்பினால், ஏறக்குறைய 100 கிலோகிராம் கொள்ளும். மேல்தட்டு வெற்றுச் சாக்கு, சுளகு, கூடை, காய்கறி விதை அடைத்த தகரப்பேணி ஆகிய பாரமற்ற பொருள்களுக்கு உரியது. அதில் 50 கிலோகிராமுக்கு மேல் ஏற்றலாகாது.

வேண்டிய பொருள்கள்

1. 40 மி.மீ. அகலமும் 5 மி.மீ. தடிப்புமுள்ள கோண இரும்பு (ஆங்கிள்), 6 மீற்றர் நீளத்தில் நான்கு.
2. 25 மி.மீ. அகலமும் 5 மி.மீ. தடிப்புமுள்ள பட்டை இரும்பு, 6 மீற்றர் நீளத்தில் ஒன்று.
3. 10 செ.மீ. சதுரமும் 5 மி.மீ. தடிப்புமுள்ள அடித்தகடு நான்கு.
4. 57 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமுமுள்ள பனஞ்சலாகை அல்லது தென்னஞ்சலாகை, ஏறக்குறைய 75.
5. துரு எதிர்ப்பு அடிப்பூச்சும் எனாமல் மேற்பூச்சும்.

மூன்று மி.மீ. தடிப்புள்ள கோண இரும்பு மலிவாகக் கிடைக்கும். அதனை வாங்கற்க. புதிதில் அது சுமையைத் தாங்கினாலும், துருவுக்கு இழக்கக்கூடிய மிகுதி அதில் இல்லை. நாகம் பூசிய இரும்பையும் ஒட்டுவேலைக்குக் கொள்ளலாகாது. ஒட்டும்போது எழும் நாகப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணித்தியாலங்களின் பின் நடுக்கமும் காய்ச்சலும் உண்டாகும்.

வெட்டும் முறை

முதலிரண்டு கோண இரும்புகளில், ஒவ்வொன்றிலும் 179 செ.மீ. நீளத்தில் மூன்று துண்டும் 59 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டும் வெட்டுக. மூன்றாவதில் 165 செ.மீ. நீளத்தில் மூன்றும் 59 செ.மீ. நீளத்தில் ஒன்றும் எடுக்க. நான்காவதில் 165 செ.மீ. ஒன்றும் 59 செ.மீ. மூன்றும் எடுத்தபின் எஞ்சும் துண்டு, பக்கங்களின் குறுக்குச் சட்டங்களுக்குப் போதும். தட்டுச் சட்டங்களின் முனைகளை 45 பாகைச் சரிவில் வெட்டுதல் வேண்டும்.

வெட்டியபின், ஒட்டப்படும் இடத்தின் இரு புறத்தையும் 3 செ.மீ. அளவுக்கு அரத்தினாலோ கம்பித் தூரிகையினாலோ இரும்பு மின்னும் வரை துப்புரவு செய்க. துருவும் எண்ணெயும் பழைய பூச்சும் உருகிய இரும்பினுள் கலந்தால், ஒட்டில் நுண்துளைகள் உண்டாகும்.

ஒட்டும் முறை

1. சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் 179 செ.மீ. நீளமும் 59 செ.மீ. அகலமுமான நீள்சதுரம் வரைக. இரண்டு மூலைவிட்டங்களும் 188½ செ.மீ. ஆக ஒத்திருக்குமாயின், நான்கு மூலைகளும் நேர்மூலைகளாகும்.

2. இக்கோட்டின்மேல் நான்கு சட்டங்களையும் வைக்க. ஒவ்வொரு சட்டத்தின் ஒரு கரம் உட்புறமாகத் தரையிற் படிந்தும், மறு கரம் மேல்நோக்கியும் நிற்றல் வேண்டும். உட்புறக் கரமே சலாகைகளைத் தாங்கும்.

3. மூலைகளைப் புள்ளியாக மட்டும் ஒட்டி, மூலைவிட்டங்களை மீண்டும் அளக்க. ஒட்டிய இடம் குளிரும்போது சுருங்கி இரும்பை இழுக்கும். ஆதலால் ஒரு மூலையை ஒட்டியபின் அதற்கு எதிர்மூலையை ஒட்டுக. அடுத்த மூலைக்கு உடனே செல்லற்க. இவ்வாறு மூன்று தட்டுகளையும் முடிக்க.

4. நான்கு கால்களையும் சேர்த்து வைத்து 30, 90, 150 செ.மீ. இடங்களில் ஒரே கோடாகக் குறி இடுக. தனித்தனியே அளந்தால் தட்டு சாயும். கால்கள் தட்டின் மூலைகளை வெளிப்புறமாக அணைத்து நிற்கும்படி பொருத்திப் புள்ளி ஒட்டு இடுக.

5. இறாக்கையை நிமிர்த்தித் தூக்குக்குண்டினால் கால்கள் செங்குத்தாக நிற்பதைச் சோதித்தபின், முழு ஒட்டு இடுக. கால் தட்டைத் தொடும் விளிம்பு முழுவதும் மேலும் கீழும் இடைவெளியின்றி ஒட்டப்படல் வேண்டும். உறுதிக்கு இவ்வளவு வேண்டியதில்லை. உப்பு ஈரம் புகாதிருத்தற்கே இது வேண்டும்.

6. இரு பக்கங்களிலும் கீழ்த்தட்டுக்கும் நடுத்தட்டுக்கும் இடையே ஒவ்வொரு குறுக்குச் சட்டம் ஒட்டுக. பின்புறத்தில் கீழ்த்தட்டு மூலையிலிருந்து மேல்தட்டின் எதிர்மூலைக்குப் பட்டை இரும்பு இரண்டைப் பெருக்கற்குறி போல் இடுக. இவை இல்லாத இறாக்கை, சுமை ஏற்றியபின் பக்கவாட்டில் ஆடிச் சரியும்.

7. கடைசியாக அடித்தகடுகளைக் கால்களின் கீழ் ஒட்டுக.

புள்ளி ஒட்டுக்கு 2.5 மி.மீ. ஒட்டுக்கோலும் 70 முதல் 90 அம்பியர் மின்னோட்டமும், முழு ஒட்டுக்கு 3.2 மி.மீ. ஒட்டுக்கோலும் 100 முதல் 120 அம்பியரும் பொருந்தும். ஒட்டுக்கோலின் மேலுள்ள பூச்சு எரிந்து, உருகிய இரும்பைக் காற்றினின்று மறைத்துப் பின் கசடாக உறைகின்றது. கடற்கரை ஈரத்தில் அப்பூச்சு நனைந்துவிடும். ஆகையால் கோல்களை மூடிய தகரப்பேணியில் வைத்தல் வேண்டும்.

அபாயம் நேராதிருக்க

ஒட்டும் சுடரை வெறுங்கண்ணாற் பார்க்கலாகாது. கருங்கண்ணாடி முகமூடி வேண்டும். சிறுவரைக் கிட்ட விடற்க. தோற்கையுறையும் உலர்ந்த சப்பாத்தும் அணிக. ஈரத்தரையில் நின்று ஒட்டுதல் உயிருக்கு ஆபத்து. வைக்கோலும் உமியும் சாக்கும் உள்ள களஞ்சியத்தினுள் இவ்வேலை செய்யலாகாது. வேலை முடிந்தபின் அரை மணித்தியாலம் அவ்விடத்தை விட்டு நீங்காது, தீப்பொறி உளதோ எனப் பார்க்க. எண்ணெயோ பீடைநாசினியோ இருந்த வெற்றுப் பீப்பாவை வெட்டவோ ஒட்டவோ ஒருபோதும் முயலற்க, அது வெடிக்கும்.

ஏற்கு முன் சோதனை

நிறம் பூசுமுன்னரே இறாக்கையைப் பார்த்தல் வேண்டும். பூசியபின் குறை தெரியாது. கசடைச் சுத்தியலால் தட்டி நீக்கச் சொல்க. ஒட்டு நெருங்கிய அலை போல் ஒரே சீராக இருத்தல் நன்று. துளை, பிளவு, விடுபட்ட விளிம்பு காணின் மீண்டும் ஒட்டுவிக்க. சமதரையில் நான்கு கால்களும் படிகின்றனவா எனவும், கையால் தள்ள ஆடாதிருக்கின்றதா எனவும் நோக்குக.

பூச்சு

கம்பித் தூரிகையால் தேய்த்து, நன்னீரில் நனைத்த துணியாற் படிந்த உப்பைத் துடைத்து, வெயிலில் உலர்த்தி, அன்றைக்கே அடிப்பூச்சு இடுக. ஓரிரவு வெறுமனே விட்டால் மறுபடியும் உப்புப் படியும். முதலில் ஒட்டுகளின் மேலும் விளிம்புகளிலும் தூரிகையால் அழுத்திப் பூசியபின், முழுவதையும் பூசுக. அடிப்பூச்சு இரண்டு முறையும், மேற்பூச்சு இரண்டு முறையும், ஒவ்வொன்றும் நன்கு காய்ந்தபின் இடப்படல் வேண்டும். பூச்சின் மணம் நீங்க ஒரு வாரம் விட்டு, அதன்பின் சலாகைகளை அடுக்குக. கீழ்த்தட்டிலும் மேல்தட்டிலும் 3 செ.மீ. இடைவெளியும், வெங்காயம் பரப்பும் நடுத்தட்டில் 1 செ.மீ. இடைவெளியும் போதும். இரவிற் குளிரும் இரும்பில் ஈரம் அரும்பும். ஆகவே மூட்டை சலாகையின்மேல் இருத்தல் வேண்டும், இரும்பிற் படலாகாது.

வைக்கும் முறை

சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி இறாக்கையை நிறுத்துக. காற்று ஊடாடவும், அடியிற் கூட்டித் துப்புரவாக்கவும் அவ்விடைவெளி உதவும். எலிக்கு இவ்வுயரம் தடையன்று. அடியில் ஒன்றும் வையாது வெறுமையாக விட்டால், அதன் நடமாட்டம் உடனே தெரியும். நன்கு காயாத நெல்லை இறாக்கை காப்பாற்றாது என்பதையும் மறவற்க. ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேற்படாத விதையையே மூட்டை கட்டுதல் வேண்டும்.

உரத்தை இவ்விறாக்கையில் வைக்கற்க. யூரியாவும் மியூறியேற்றுப் பொட்டாசும் ஈரத்தை இழுத்துக் கசிந்து இரும்பை அரிக்கும். அவற்றைத் தனியே மரச்சட்டத்தின்மேல் அடுக்குக.

பீடைநாசினியும் களைநாசினியும் இதில் எந்தத் தட்டிலும் இடம்பெறலாகாது. மேலிருந்து ஒரு துளி கசிந்தாலும், கீழே இருப்பது நாம் உண்ணும் வெங்காயம். அவற்றை அவற்றின் சொந்தப் போத்தலிலேயே, பூட்டுள்ள தனிப்பெட்டியில், சிறுவர் கைக்கு எட்டாது, குடியிருக்கும் அறைக்குப் புறம்பே வைத்தல் வேண்டும். பரகுவாட், டைமெதோயேட், பெந்தியோன் ஆகியவை மனித உயிரைக் கருதி 2008 முதல் 2011 வரையான காலத்தில் நம் நாட்டிற் படிப்படியாக விலக்கப்பட்டவை. பழைய போத்தல் எங்கேனும் கிடந்தால் அதனைப் பயன்படுத்தாதும், கிணற்றருகிற் கொட்டாதும், உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்க.

ஆண்டுக் கவனிப்பு

மாதமொருமுறை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் சட்டங்களைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரம் ஒற்றுக. ஆண்டுதோறும் புரட்டாதி மாதத்தில், மழைக்கு முன், மூட்டுகளையும் கால் அடிகளையும் சோதித்து, துரு கண்ட இடத்தைச் சுரண்டி இரு பூச்சும் இடுக. அப்பொழுதே மூட்டைகளின் நடுவிலிருந்து விதை எடுத்து, நூறு மணிகளை ஈரத்துணியில் முளைக்க வைத்து, ஏழாம் நாள் எண்ணுக. எண்பத்தைந்துக்குக் குறையாமல் முளைத்தால் அச்சமின்றி விதைக்கலாம். குறைந்தால் வேறு விதை தேட இன்னும் காலம் உண்டு.

சிறிய களஞ்சியத்துக்கு வேறு அளவு வேண்டுவோர், கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரைக் கண்டு கேட்கலாம். அளவு எதுவாயினும் விதி ஒன்றே: திறந்த இரும்பைத் தெரிக, இடுக்கின்றி ஒட்டுவிக்க, ஒட்டின்மேல் முதலிற் பூசுக. இம்மூன்றையும் செய்வோர் களஞ்சியத்தில், ஐப்பசி மழை பெய்யும்போது விதை உலர்ந்திருக்கும்.