கூடாரம் அடிக்க எந்த இடம்?

ஐரோப்பிய நாடுகளில் விடுமுறைப் பயணம் செல்வோர் பலர் விடுதிகளை நாடுவதில்லை. கூடாரம் அடித்துத் தங்குகின்றனர். முகாம் எங்கே உள்ளது என்று அறிய அச்சிட்ட வழிகாட்டி நூல்கள் உண்டு. ஊரின் பெயருக்கு எதிரே சிறு கூடாரக் குறி இருக்கும். குடிநீர், நிழல், சாலைத் தொலைவு ஆகியவையும் தரப்பட்டிருக்கும். இத்தகைய நூலை எடுத்ததும் முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். கட்டணம் மாறும், சில முகாம்கள் மூடப்பட்டும் இருக்கும். ஆனால் புதிய பதிப்பிலும் பெரும்பாலும் இராத ஒரு செய்தி உண்டு. பெருமழை பெய்தால் நீர் எவ்வழியே வரும்?

ஸ்பெயினில், பிரனீஸ் மலைத்தொடரில் பியெஸ்காஸ் என்றோர் ஊர். அதனருகே அரசு அனுமதியுடன் ஒரு முகாம் நடந்து வந்தது. 1996 ஆகஸ்டு 7 மாலை மலையில் கடும் மழை கொட்டியது. அராஸ் ஓடையின் தடுப்பணைகள் பல உடைந்தன. கல்லும் சேறுமாக வந்த வெள்ளத்தில் 87 பேர் மாண்டனர்.

மலையிடுக்கை விட்டு வெளியேறும் ஓடை, சரிவு குறைவதால் வேகம் இழந்து, சுமந்து வந்த கற்களைப் போட்டுவிடும். அவை விசிறிபோல் பரவும். இதுவே வண்டல் விசிறி. அம்முகாம் இத்தகைய விசிறியின் மேல்தான் இருந்தது. பழைய வெள்ளங்கள் போட்ட தரை அது!

ஓடைக்குப் பெரிய கல்லை உருட்டும் வலிமை ஏது? நீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கும் கல்லின் முகப்பரப்பிற்கும் நேர்விகிதத்தில் உள்ளது. கல்லின் அகலம் அ எனில், பரப்பு அ²-ஐயும் எடை அ³-ஐயும் பொறுத்தவை. ஆகவே உருளக்கூடிய கல்லின் அகலம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எடையோ வேகத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் 64 மடங்கு எடையுள்ள கல் உருளும்! மும்மடங்கானால்? நீங்களே கணக்கிடுங்கள்.

எனவே வழிகாட்டி நூலுடன் சம உயரக் கோடுகள் உள்ள நிலப்படம் ஒன்றும் வேண்டும். 1:50,000 அளவுப் படத்தில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. அந்த 2 செ.மீ.க்குள் 20 மீட்டர் இடைவெளிக் கோடுகள் பத்து ஏறினால் சரிவு ஐந்தில் ஒன்று, செங்குத்துதான். பள்ளத்தாக்கில் இக்கோடுகள் மேல்நோக்கிக் கூர்மையாக வளையும். வண்டல் விசிறியிலோ கீழ்நோக்கி வில்போல் புடைத்து, சற்று விலகி நிற்கும். நூலின் கூடாரக் குறி இந்த விற்களின் மேல் விழுகிறதா? வானம் தெளிந்திருந்தாலும் வேறு இடம் தேடுங்கள். மழை பெய்வது உங்கள் தலைக்கு மேல் அல்ல, மலையுச்சியில்.